குழி திறக்கச் சம்மதம்

புயல் வருகிறது, வருகிறது என்று டிவிக்காரர்கள் தொண்டை வறளக் கத்தியும் புயல் வரவில்லை. மழை மட்டும் வந்து உட்கார்ந்துகொண்டது. எங்கள் தெரு வைத்திக்குப்பத்தை ஒட்டிய தெரு. மழையென்றால் குப்பத்துக்காரர்கள் படகை மேட்டில் ஏற்றிவிட்டுக் கால் நீட்டிப் படுக்கலாம். எதிர்வீட்டு ரோசாவுக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. கடற்கரைப் பக்கம் வெள்ளைக்காரத் தெருக்களில் இருக்கிற விடுதிகளின் படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு எல்லாம் அவள் வீட்டுக்குத்தான் வெளுக்க வரும். மஞ்சள் சுவருக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ள சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருகிறவர்களுக்கு மழை அழகுதான். நனைந்த விரிப்பைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்குகிறவளுக்கு அந்த அழகு தெரியவில்லை என்றால் அது அவள் குற்றமில்லை.

மழைக்காலத்தில் அந்த வீட்டுக்குள் நுழைந்தால் ஈரத் துணி முகத்தில் அடிக்கும். முன் அறை, நடை, மாடிப்படி எங்கும் கொடி கட்டியிருப்பாள். மின்விசிறி இரவும் பகலும் சுற்றும். சோப்பு வாசனையும் காயாத துணியின் புழுங்கல் வாசனையும் சேர்ந்து சோற்றில்கூட ஏறிவிடும். ரோசாவின் வீட்டுக்காரர் அந்துவான் மில்லில் தறி ஓட்டியவர். மில்லை மூடியபிறகு இஸ்திரிப் பெட்டியைப் பிடித்தார். பேச்சு குறைந்த மனுஷன். ஒரு நாளைக்கு அவர் பேசுவதைவிட அந்த இஸ்திரிப் பெட்டி அதிகம் சீறும்.

நான் தையல் வேலை இல்லாத நேரத்தில் அங்கே போய் விரிப்பு மடித்துக் கொடுப்பேன். பெரிய கட்டில் விரிப்பை ஒற்றை ஆளாக மடிக்க முடியாது. இரண்டு பேர் எதிரெதிரே நின்று முனைகளைப் பிடித்து உதறி, விறைப்பாக இழுத்து, நடந்து வந்து முனையோடு முனை சேர்க்கவேண்டும். இதற்குக் கூலியெல்லாம் கிடையாது. அவள் வைக்கிற வஞ்சிர மீன் குழம்பு ஒரு கிண்ணம் வரும், ஊர்க்கதையும் வரும். ஊர்க்கதை பெரும்பாலும் என் பக்கத்திலிருந்துதான் போகும், அது வேறு விஷயம்.

அன்று காலை நாங்கள் அப்படி மடித்துக்கொண்டிருந்தபோது மாதா கோவிலில் சாவு மணி அடித்தது. யாருக்கு என்று தெருவில் ஒருவரும் கேட்கவில்லை. அமலநாதனை ஆஸ்பத்திரியில் இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பி ஒரு வாரம் ஆகியிருந்தது. அந்துவான் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். மணி நிற்கும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு எடுத்து மறுபடி தேய்க்கத் தொடங்கினார். ரோசா என்னைப் பார்த்து, "தேவி, நல்லா இழுத்துப் புடி, சுருக்கம் நிக்குது பாரு" என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

அமலநாதன் அந்துவானின் கூடப்பிறந்த தம்பி. அடுத்த தெருவில்தான் வீடு. கவர்மென்ட் ஜீப் டிரைவர். அந்த இரண்டு வீட்டுக்கும் ஏழு வருஷமாகப் பேச்சு கிடையாது, நல்லது கெட்டது கிடையாது, கிறிஸ்துமஸ் கேக் கிடையாது. அதற்கு முன்னால் ரோசாவின் ஒரே மகன் நெல்சனைத் தோளில் போட்டுத் திரிந்தவர் இந்தச் சித்தப்பாதான். அந்தப் பிள்ளைக்கு நடை பழக்கியது, கடலில் நீச்சல் பழக்கியது, பள்ளிக்கூடத்தில் அடிபட்டு வந்தால் சண்டைக்குப் போனது எல்லாம் அவர்தான். அந்துவான் மில்லில் மூன்று ஷிப்டும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது.

நெல்சன் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கும்போது தவளக்குப்பத்தில் ஒரு கலியாணம். சித்தப்பாவும் பிள்ளையும் சித்தப்பாவின் மோட்டார் பைக்கிலேயே போனார்கள். திரும்பும்போது கடலூர் ரோட்டில் ஓரமாக நின்றிருந்த மணல் லாரியின் பின்னால் வண்டி போய் மோதியது. நெல்சன் அந்த இடத்திலேயே போய்விட்டான். அமலநாதன் காலில் கம்பி வைத்துக்கொண்டு பிழைத்தார். அவர் குடித்திருந்தார். குடித்துவிட்டு ஓட்டினார் என்றால் டிரைவர் வேலையும் போகும், ஜெயிலும் வரும். அதனால் போலீசிடம் அவர் சொன்னது இதுதான்: வண்டியை நெல்சன் ஓட்டினான், நான் பின்னால் உட்கார்ந்து வந்தேன்.

நெல்சனுக்குக் கியர் வண்டி ஓட்டவே தெரியாது. ரோசாவின் ஸ்கூட்டியைக் கெஞ்சிக் கேட்டு வாங்கி மெதுவாக ஓட்டுகிற பிள்ளை அது. ரோசா இதை எல்லாரிடமும் சொல்லிப் பார்த்தாள். நான்தான் இரகசியமாகக் கற்றுக்கொடுத்தேன் என்று அமலநாதன் சொல்லிவிட்டார். செத்தவன் எழுந்து வந்து இல்லையென்று சொல்லப்போகிறானா என்ன. பழி பிள்ளை மேலேயே எழுதி முடிந்தது. அடக்கப் பூசையில் அன்றைக்கு இருந்த சாமியார், வாலிபப் பிள்ளைகள் வேகத்தைக் குறைக்கவேண்டும் என்று பிரசங்கம் வைத்தார். பெட்டிக்கு நேர் எதிரே உட்கார்ந்து பெற்றவள் அதைக் கேட்டாள். அதற்குப் பிறகு எங்கள் தெருவில் எந்தப் பையன் புது வண்டி வாங்கினாலும், நெல்சன் மாதிரி ஆகிவிடப்போகிறது, பார்த்துப் போடா என்றுதான் பெரியவர்கள் சொல்வார்கள். கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. ஆனால் ரோசா அங்கேயே குழாயடியில் குடத்தோடு நிற்பாள்.

அவள் கேட்டது பெரிய விஷயமில்லை. போலீசுக்குப் போகவேண்டாம், வேலை போகவேண்டாம், சொந்தக்காரர்கள் நாலு பேர் கூடியிருக்கும்போது நான்தான் ஓட்டினேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடட்டும். என் பிள்ளை பேரில் இருக்கிற கறை போகட்டும். இதைச் சொல்லி ஆள்மேல் ஆள் அனுப்பினாள். அமலநாதன் வாயைத் திறக்கவில்லை. இவள் எதிரே வந்தால் நொண்டிக்கொண்டே வேறு சந்தில் திரும்பிவிடுவார். குடி ஏறிக்கொண்டே போய், கடைசியில் வயிறு வீங்கிப் படுத்தார். செய்ததற்குத் தண்டனை என்று ரோசாவின் பேச்சை நம்பிய சில பேர் பேசினார்கள், நானும் பேசினேன். ரோசா மட்டும் அப்படி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாமியார் போய் அவருக்கு, சாகக்கிடக்கிறவர்களுக்குக் கொடுக்கிற அவஸ்தைப் பூசுதல் கொடுத்தார் என்று கேள்விப்பட்ட நாளில், ஆள் அனுப்பிக் கூப்பிடுவார் என்று பகல் முழுக்க வாசலையே பார்த்துக்கொண்டு வேலை செய்தாள். யாரும் வரவில்லை.

இப்போது மணியும் அடித்தாயிற்று.

மணி அடித்துக் கொஞ்ச நேரத்துக்கெல்லாம் வாசலில் ஆள் நிழல் தட்டியது. பார்த்தால் ரூபி. அமலநாதனின் மனைவி. குடைகூட இல்லாமல் தொப்பலாக நனைந்து நின்றாள். புருஷன் பிணம் நடுவீட்டில் கிடக்கும்போது கட்டினவள் வாசற்படி தாண்டி நான் பார்த்ததில்லை. ரோசா உள்ளே வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நான்தான் அடுக்கிலிருந்து ஒரு விடுதித் துண்டை எடுத்துக் கொடுத்தேன். ரூபி அதைத் துவட்டிக்கொள்ளாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

அவள் வந்தது குழிக்காக. எங்களில் என்றால் எரித்து, மறுநாள் சாம்பலைக் கடலில் விட்டுவிட்டு வந்துவிடுவோம். இவர்களுக்கு அப்படி இல்லை. டவுன் கல்லறையில் புதுக் குழிக்கு இடமே கிடையாது. குடும்பத்துக்கு ஒரு குழி. சில வருஷம் கழித்து அதையே திறந்து அடுத்தவரை வைப்பார்கள். முன்னால் போனவரின் எலும்புகளைப் பொறுக்கி எடுத்துக் கழுவி, வெள்ளைத் துணியில் மூட்டையாகக் கட்டி, புதுப் பெட்டியின் கால்மாட்டில் வைத்து மூடிவிடுவார்கள். ஆனால் அவர்கள் பங்குக் கோவிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. கடைசியாக உள்ளே போனவர் யாரோ, அவருடைய வீட்டார் வாய்விட்டுச் சரி என்று சொன்னால்தான் குழியைத் திறப்பார்கள். எலும்பை வாங்கிக்கொள்ளவும் அவர்களே வந்து நிற்கவேண்டும். மாமனார் காலத்துக் குழி அது. உள்ளே மாமனார் இருக்கிறார், மாமியார் இருக்கிறாள். கடைசியாகப் போனவன் நெல்சன்.

ரோசா மாட்டேன் என்றால் ஊருக்கு வெளியே புதுக் கல்லறைக்குத்தான் கொண்டுபோகவேண்டும். பள்ளமான இடம். இந்த மழையில் ஓர் ஆள் ஆழம் தோண்டினால் அரை ஆள் தண்ணீர் நிற்கும். போன ஐப்பசியில் அங்கே ஒருவரை வைத்தபோது பெட்டி மிதந்து, கழியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மண் தள்ளினார்கள் என்று பேச்சு.

"அக்கா, குழியத் தெறக்க நீ சரின்னு சொல்லணும்" என்றாள் ரூபி.

ரோசா கையிலிருந்த விரிப்பை அடுக்கில் வைத்தாள். "அந்தக் குழியில யாரு இருக்கறான்னு தெரியுமில்ல?"

"தெரியும்க்கா."

"அப்ப ஒண்ணு பண்ணு. இப்ப உன் வூட்டுல சொந்தமெல்லாம் கூடிக் கெடக்குது. அவங்க முன்னாடி நின்னு, வண்டிய ஓட்டுனது எம் புருசன்தான்னு சொல்லு. நான் இந்த நிமிசமே வந்து தெறக்கச் சொல்றேன்."

இல்லை, அவர் ஓட்டவில்லை என்று ரூபி சொல்லுவாள் என்றுதான் நான் நினைத்தேன். அவள் அதைச் சொல்லவில்லை.

"ஜெசிந்தா இருக்குதேக்கா" என்றாள். "அப்பன் கையப் புடிச்சிக்கினு விடாம உக்காந்துக்கினு இருக்குது. அவரு மேல உசுரு அதுக்கு. இன்னிக்குன்னு அதுக்கு முன்னாடி நான் எப்பிடிக்கா சொல்லுவேன்?"

"அப்ப உனக்குத் தெரியும்."

"மொத நாளே ஆஸ்பத்திரில சொல்லிட்டாருக்கா. வாயத் தெறக்காதடி, வேல போயிடும், நம்ம கொழந்த தெருவுல நிக்கும்னாரு. தெறக்கல. கொஞ்ச நாள் போவட்டும், சொல்லிக்கலாம்னு இருந்துட்டேன். நாள் போவப் போவ வாய் ஒட்டிப்போச்சு. அவருக்கும் அப்பிடித்தான். சொல்லணும்னு குடிப்பாரு. குடிச்சிட்டு அழுதுட்டுத் தூங்கிடுவாரு. உன் வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிருக்காரு, நெறைய தடவ."

ரோசா துவைக்கிற இயந்திரத்தின் மூடி மேல் கையை ஊன்றிக்கொண்டாள். ஏழு வருஷமாகக் காதில் விழவேண்டும் என்று கிடந்த வார்த்தை விழுந்துவிட்டது. ஆனால் விழவேண்டிய இடத்தில் விழவில்லை. காயாத விரிப்புகளுக்கு நடுவில், நானும் அந்துவானும் மட்டும் கேட்க விழுந்தது. அவள் முகத்தில் கோபம் வரும், அழுகை வரும் என்று பார்த்தேன். ரொம்ப தூரம் நடந்து வந்தவள் முகம் மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

"பொணத்த வுட்டுட்டு வந்திருக்க. போ" என்றாள் ரோசா.

ரூபி துண்டைப் படியில் மடித்து வைத்துவிட்டு மழையில் இறங்கிப் போனாள். சம்மதம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. அப்போதுதான் தீயும் வாசனை வந்தது. அந்துவான் இஸ்திரிப் பெட்டியைத் துணிமேல் வைத்தபடியே மறந்துவிட்டார். நல்ல விரிப்பு ஒன்றின் நடுவில் பழுப்பாகப் பெட்டியின் தடம் பதிந்துவிட்டது. அவர் கையில் துணி தீய்ந்து நான் பார்த்ததே இல்லை. அவர் அதைத் தூக்கிப் பார்த்தார். பிறகு ரோசாவைப் பார்த்து, பள்ளிக்கூடத்தில் வெளியே போக உத்தரவு கேட்கிற பிள்ளை மாதிரி ஒன்று கேட்டார்.

"ஒரு வாட்டி அவன் மூஞ்சியப் பாத்துட்டு வந்துடவா?"

"நான் போவாதன்னு சொன்னனா?" என்றாள் ரோசா.

"சொல்லல."

"பின்ன இத்தினி வருசம் இன்னாத்துக்குப் போவல?"

"நீ ஒண்ணுமே சொல்லல. அதான் போவல."

அந்துவான் அதற்குமேல் பேசினார். அவர் அத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி நான் கேட்டது அன்றுதான். தம்பி காலையில் வேலைக்குப் போகிற நேரம் அவருக்குத் தெரியுமாம். அந்த நேரத்துக்குத் துணி காயப்போடுகிற சாக்கில் மாடிக்குப் போய்விடுவாராம். அங்கிருந்து பார்த்தால் அடுத்த தெரு முனை தெரியும். தம்பி நொண்டி நொண்டி அந்த முனையைத் தாண்டும்வரை பார்த்துவிட்டு இறங்கி வருவாராம். என் பிள்ளையைக் கொன்றவன் என்றும் நினைத்துக்கொள்வேன், கால் வலிக்குமே அவனுக்கு என்றும் நினைத்துக்கொள்வேன், இரண்டும் ஒன்றாகத்தான் வரும் என்றார். சொல்லிவிட்டு, தீய்ந்த விரிப்பை என்ன செய்வது என்று தெரியாமல் மடித்தார்.

ரோசா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானாக இருந்தால், எனக்குத் தெரியாமல் பார்த்தாயா என்று ஒரு பாட்டம் சண்டை போட்டிருப்பேன். அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"தேவி, நான் என்னாத்துக்குக் காத்துக்கினு இருந்தேன், சொல்லு" என்று என்னைக் கேட்டாள். "தெனம் எழுந்ததும், இன்னிக்கு வந்து சொல்லிடுவான்னு நெனப்பேன். அத நெனச்சிக்கினேதான் மிசின போடுவேன், அத நெனச்சிக்கினேதான் சோறு துன்னுவேன். அவன் வந்து சொன்னா இன்னா பதில் சொல்லணும்னுகூட ரெடியா வச்சிருந்தேன். இனிமே யாருக்குக் காத்துக்கினு இருக்கறது? அவன் போயிட்டான். நான் மட்டும் புடிச்சிக்கினே நிக்கறேன். இந்த மனுசனும் எங்கூட நிக்குது, வாயத் தெறக்காம."

எனக்கு வாய் நீளம் என்று தெருவே சொல்லும். ஆனால் மன்னித்துவிடு என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? என் பிள்ளைகள் இரண்டும் உயிரோடு, ஒன்று உழவர்கரையிலும் ஒன்று துபாயிலும் சம்பாதித்துக்கொண்டிருக்கின்றன.

"மன்னிப்பு மண்ணாங்கட்டியெல்லாம் எனக்குத் தெரியாது" என்றாள் அவளே. "அசதியா இருக்குது. அவ்ளோதான்."

கல்லறையில் குழி வெட்டுகிற அம்மாவாசை தலையில் உரச்சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு வந்து வாசலில் நின்றார். மழை கொஞ்சம் வெறித்திருக்கிறது, இப்போது ஆரம்பித்தால்தான் சாயங்காலத்துக்குள் ஆகும், சாமியார் உங்களைக் கேட்டுவரச் சொன்னார் என்றார். அந்துவான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். மேலே இரும்புத் தகட்டில் மழைத்துளி தட்டுகிற சத்தம் கேட்டது.

ரோசா எழுந்தாள். "தெற" என்றாள். "மேல் மண்ண மட்டும் எடு. எம்புள்ளய நான் வந்து வாங்கிக்கறேன்."

அவ்வளவு சுலபமாக அது முடியும் என்று நான் நினைக்கவில்லை. ரூபி நாலு பேர் முன்னால் சொல்லட்டும் என்கிற பேச்சையே அவள் எடுக்கவில்லை. அம்மாவாசை போனபிறகு நானே கேட்டேன். அந்தப் பெண் ஜெசிந்தா இன்றைக்கு அப்பனைத் தொலைத்திருக்கிறது, இன்றைக்கே இதையும் சேர்த்துத் தொலைக்கவேண்டுமா என்றாள். பிறகு, கேட்டுக் கேட்டு வாங்குகிற வார்த்தையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப்போகிறேன் என்றாள். எனக்கு ஆறவில்லை. நெல்சன் பேர் அப்படியே கெட்டுக்கிடக்கவேண்டியதுதானா என்று எனக்குள்ளே முனகிக்கொண்டேன்.

விடுதி மேனேஜர் கோபிநாத் போன் செய்தார். மத்தியானத்துக்குள் விரிப்பு வரவேண்டும், ரூம் எல்லாம் நிறைந்திருக்கிறது என்றார். வீட்டில் சாவு, இன்றைக்கு வராது என்றாள் ரோசா. யார் என்று அவர் கேட்டிருக்கவேண்டும். "கொழுந்தன்" என்றாள். ஏழு வருஷத்தில் அந்த உறவை அவள் வாயால் சொன்னது அப்போதுதான். கோபிநாத் அதற்குமேலும் ஏதோ இழுத்தார். ஒரு நாள் பழைய விரிப்பில் படுத்தால் யாரும் செத்துவிடமாட்டார்கள் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

பிறகு பீரோவிலிருந்து புது மல் துணி ஒன்றை எடுத்தாள். கடைக் கஞ்சி போக அலசி, இயந்திரத்தில் போடாமல் கையாலேயே பிழிந்தாள். அதை எங்கே காயவைப்பது? கொடி முழுக்க அடுத்தவர்கள் படுக்கிற துணி. அந்துவான் கையை நீட்டி வாங்கிக்கொண்டார். ஈரத்தோடு மேசையில் விரித்து, ஆவி பறக்கப் பறக்கத் தேய்த்தார். ஒரு மடிப்பு, ஒரு சுருக்கம் இல்லாமல், ஓரத்தையெல்லாம் விரலால் நீவி நீவித் தேய்த்தார். முடித்து அவள் கையில் கொடுத்தார். பிறகு அவர் சட்டையை மாட்டிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனார். அடுத்த தெருவிலிருந்து அவர் ஓவென்று அழுகிற சத்தம் எங்களுக்கே கேட்டது.

நானும் ரோசாவும் ஆட்டோ பிடித்துக் கல்லறைக்குப் போனோம். கல்லறைத் திருநாள் முடிந்து சில நாள்தான் ஆகியிருந்தது. எல்லாக் கல்லறைகளும் புதுச் சுண்ணாம்போடு நின்றன. அழுகிய சாமந்தி மாலையும் உருகிக் கிடந்த மெழுகுவர்த்தியும் மழைத் தண்ணீரில் ஒதுங்கிக் கிடந்தன. நெல்சன் குழிமேல் நீலத் தார்ப்பாய் கட்டி அம்மாவாசை உள்ளே இறங்கியிருந்தார். பக்கத்தில் சிவப்பு மண் மலைபோல் கிடந்தது. பெட்டிப் பலகை மக்கிவிட்டது, எலும்பு நன்றாக இருக்கிறது என்று அவர் கீழேயிருந்து சொன்னார். ஆறுதலாகத்தான் சொன்னார்.

ஒவ்வொன்றாக மேலே கொடுத்தார். ரோசா வாளித் தண்ணீரில் கழுவினாள். எத்தனையோ ஊர்க்காரர்களின் அழுக்கைக் கழுவின கை. ஒரு கையால் தண்ணீர் ஊற்றி, இன்னொரு கையை அணைவாகக் கொடுத்து, கைக்குழந்தைக்குத் தலைக்கு ஊற்றுகிற மாதிரிக் கழுவினாள். அழவில்லை. ஒருமுறை மட்டும், "நல்ல ஒசரம் வளந்தான், இல்ல?" என்று என்னிடம் கேட்டாள். நான் ஆமாம் என்றேன். அந்த இடத்தில் நிற்க எனக்கு முடியவில்லை. இருந்தும் நின்றேன், என்னைவிட்டால் அவளுக்கு அங்கே ஆள் இல்லை. எல்லாவற்றையும் அந்த மல் துணியில் வைத்துக் கட்டி, மார்போடு அணைத்துக்கொண்டு பக்கத்துக் கல்லறை மேடையில் உட்கார்ந்தாள்.

சாயங்காலம் பூசை முடிந்து பெட்டி வந்தது. முன்வரிசையில் அந்துவான் தோள் கொடுத்திருந்தார். பின்னால் ரூபி, அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஜெசிந்தா, அதற்குப் பின்னால் சொந்தமும் தெருவும். ஏழு வருஷமாக ரோசா எந்த நாலு பேர் முன்னால் அந்த வார்த்தை வரவேண்டும் என்று காத்திருந்தாளோ, அவர்கள் அத்தனை பேரும் குடை பிடித்துக்கொண்டு அங்கே நின்றார்கள். அவளையும் அவள் மடியில் இருந்ததையும் பார்த்துவிட்டுப் பார்வையை மாற்றிக்கொண்டார்கள். சாமியார் செபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். பெட்டியைக் கயிறு கட்டி இறக்கினார்கள்.

அம்மாவாசை மேலே கையை நீட்டினார். "குடும்மா, கால்மாட்டுல வச்சிடறேன்."

ரோசா மூட்டையோடு குழி ஓரத்துக்கு வந்தாள். வந்தவள் கொடுக்கவில்லை. கால்மாட்டில் என்ற சொல்லில் நின்றுவிட்டாள் என்று எனக்குப் புரிந்தது. குழியைக் கொடுத்துவிட்டாள், கேட்டதையெல்லாம் விட்டுவிட்டாள். ஆனால் பழியைச் சுமத்தியவன் காலடியில் பழியைச் சுமந்த பிள்ளையைக் கொண்டுபோய் வைக்க அவள் கை வரவில்லை. தூறல் வலுத்தது. யாரோ இருட்டுகிறது என்றார்கள். அம்மாவாசை நீட்டிய கையோடு நின்றார்.

ரூபி மகளின் கையை விட்டுவிட்டு முன்னால் வந்தாள்.

"கால்மாட்டுல வேணாம். தலமாட்டுல வைங்க" என்றாள்.

வழக்கம் அப்படி இல்லையே அம்மா என்று அம்மாவாசை சாமியாரைப் பார்த்தார்.

"தலமாட்டுல, அவருக்குப் பின்னால வைங்க" என்றாள் ரூபி. எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள். "அன்னிக்கு வண்டிய ஓட்டுனது இவருதான். நெல்சன் பின்னாலதான் உக்காந்து வந்தான்."

குடைகளுக்குக் கீழே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். வண்டி வாங்கின பையன்களுக்கு நெல்சனைச் சொல்லிப் புத்தி சொன்ன பெரியவர்கள் தரையைப் பார்த்தார்கள். அந்த முகங்களை ரோசா பார்ப்பாள், ஒவ்வொன்றாகப் பார்க்கவேண்டும், பார்க்கட்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. அவள் அங்கே பார்க்கவேயில்லை. ஜெசிந்தாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் அம்மாவைப் பார்த்தது, குழிக்குள் பெட்டியைப் பார்த்தது. வாய் கோணிக்கொண்டு போனது, அழுகை வரவில்லை. பின்னுக்கு நகர்ந்தது. இன்னும் ஓர் அடி வைத்தால் ஓடிவிடும் என்று தோன்றியது.

"ஜெசி" என்றாள் ரோசா. "பெரிம்மாகிட்ட வா."

அது அசையவில்லை. அந்துவான் போய் அதன் தோளைப் பிடித்து மெதுவாக அழைத்துவந்தார். ரோசா மூட்டையை அதன் பக்கமாக நீட்டினாள்.

"அண்ணன வாங்கிக் கீழ குடு. உங்கப்பா பக்கத்துல வைக்கச் சொல்லு."

ஜெசிந்தா கையை நீட்டியது, பயந்து இழுத்துக்கொண்டது. பெரியம்மாவின் முகத்தை நிமிர்ந்து பார்த்தது.

"புடி" என்றாள் ரோசா. "ஒண்ணும் கனமில்ல."